நீண்ட நூலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து வெளியிடுவது எப்படி? கொழும்பில் முதன்முறை மலர், தொகுப்பு போடுபவர்களுக்கு

நாவலிலிருந்து ஓர் அத்தியாயம், தன்வரலாற்றிலிருந்து நான்கு பந்தி, ஆய்வுநூலிலிருந்து ஒன்றரைப் பக்கம். பாடசாலை மலரோ, ஊர்ச் சங்கத்தின் நினைவு மலரோ, கட்டுரைத் தொகுப்போ, உயர்தர வகுப்புக்கு அடிக்கும் டியூட் என்ற பாடக்குறிப்போ, இப்படி ஒன்று இல்லாமல் வருவது அரிது. கீழே ‘நன்றி: இன்னார்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுபவர்களே அதிகம். அந்த வரி பகுதி எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே வாசகருக்குச் சொல்கிறது. உரியவரிடம் கேட்டீர்களா என்ற கேள்வி அப்படியே நிற்கும், அதுவும் மலர் அச்சாகி மண்டபத்தில் விநியோகித்த பிறகுதான் எழும்.

இந்த வழிகாட்டி, ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அச்சுக்குப் பின்னர் கோப்பில் போடுவது வரைக்கும் செல்கிறது. இங்கே ‘பகுதி’ என்றால் ஒரு நீண்ட படைப்பிலிருந்து தொடர்ச்சியாக, ஆசிரியரின் சொற்களிலேயே எடுத்து, தனியாக வாசிக்கக் கொடுப்பது. உங்கள் கட்டுரையின் வாதத்துக்குத் துணையாக இரண்டு மூன்று வரி எடுப்பது மேற்கோள். உங்கள் சொற்களில் குறுக்கிச் சொல்வது சுருக்கம். மேடைக்கோ சிறுவருக்கோ மாற்றி எழுதுவது தழுவல். நான்குக்கும் சட்டமும் மரியாதையும் வேறுவேறு. ‘நாவலிலிருந்து எடுத்தது’ என்று தலைப்பிட்டு உள்ளே சுருக்கத்தைப் போடுவது பலரும் செய்வது. ஆசிரியர் எழுதாத வசனம் அவர் பெயரில் உலாவ அதுவே வழி.

1. முதலில் எல்லையைக் குறியுங்கள்

யாரிடமும் எதையும் கேட்பதற்கு முன்பு, பகுதி எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். அனுமதி, கட்டணம், பக்கக் கணக்கு, நன்றிக் குறிப்பு எல்லாம் இந்த எல்லையைப் பொறுத்தவை. ‘உங்கள் நாவலிலிருந்து கொஞ்சம் எடுக்கலாமா?’ என்று கேட்டால் ‘எடுங்கோ’ என்று பதில் வரும். அந்தக் கொஞ்சம் பதினோரு பக்கமாக அச்சாகும்போதுதான் பிரச்சினை.

தொடக்கத்தைத் தேர்வதற்கு ஒரு சோதனை உண்டு. முதல் பந்தியில் உள்ள ‘அவர்’, ‘அங்கே’, ‘அதனால்’, ‘அப்படியிருக்க’ போன்ற சொற்களைக் கோடிடுங்கள். அவை சுட்டும் ஆளோ இடமோ பகுதிக்குள் இல்லையென்றால், இரண்டு பந்தி முன்னே போய்த் தொடங்குங்கள், அல்லது பகுதிக்கு மேலே இரண்டு வரி அறிமுகம் எழுதுங்கள். அறிமுகம் வேறு எழுத்துருவில் அல்லது சாய்வெழுத்தில் இருக்கவேண்டும். ஆசிரியருடைய எழுத்தோடு அது கலந்துவிடக்கூடாது.

முடிவில் இன்னும் கவனம் வேண்டும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, மறுப்பும் அங்கேதான் வருகிறது. மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ‘மழை விட்டதும் முதலாளி கடையைத் திறந்தார், எல்லோருக்கும் கடன் கொடுத்தார் என்று சொன்னவர்கள் எவரும் அன்று அந்தத் தெருவில் இருக்கவில்லை.’ இடம் போதவில்லை என்று ‘கடன் கொடுத்தார்’ என்ற இடத்தில் வெட்டி மூன்று புள்ளி வைத்தால், ஆசிரியர் மறுத்ததையே அவர் சொன்னதாக ஆக்கிவிட்டீர்கள். ஆகவே வாக்கியத்தின் வாலை வெட்டாதீர்கள். வெட்ட வேண்டியிருந்தால் முழு வாக்கியத்தையும் விடுங்கள்.

நீளம் பற்றி ஒரு வதந்தி நெடுங்காலமாக உலாவுகிறது: 300 சொல் வரை இலவசம், பத்து வீதம் வரை இலவசம் என்று. இலங்கைச் சட்டத்தில் அப்படியொரு எண் இல்லை. 400 பக்க நாவலில் ஒரு பக்கம் சிறு பகுதியாக இருக்கலாம். எட்டு வரிக் கவிதையில் நான்கு வரி என்பது பாதிக் கவிதை.

2. மூலநூலைக் கையில் எடுங்கள்

இணையத்தில் எவரோ தட்டச்சிட்டதிலிருந்தோ, வட்ஸ்அப்பில் வந்த படத்திலிருந்தோ, பாடநூலிலிருந்தோ பகுதியை எடுக்காதீர்கள். பாடநூலில் வருவது பெரும்பாலும் மாணவருக்காகச் சுருக்கி, சில சொற்களை மாற்றிய வடிவம். பரீட்சை வினாத்தாளில் உள்ள பந்தியும் அப்படித்தான். போதாததற்கு அந்த வினாத்தாளின் தலையிலேயே ‘முழுப் பதிப்புரிமையுடையது’ என்று அச்சிட்டிருக்கும். பாடநூலுக்காக ஆசிரியர் கொடுத்த அனுமதியும் உங்களுக்கு வந்து சேராது.

கொழும்பில் மூலநூல் தேட நான்கு இடங்கள் போதும். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் உள்ள கொழும்புப் பொது நூலகம். சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலகம். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். ஈழத்து நூல்கள் என்றால் இவற்றுள் தமிழ்ச் சங்கத்தை முதலில் பார்ப்பது நல்லது. பழைய பத்திரிகையில் தொடராக வந்த நாவலோ கட்டுரையோ தேவையென்றால் பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. திகதி தெரியாமல் போனால் அந்தக் கட்டுகளுக்குள் நாள் முழுவதும் போய்விடும். மாதத்தையாவது முன்கூட்டி அறிந்துகொண்டு போங்கள்.

தேசிய அடையாள அட்டையும் அதன் ஒரு பிரதியும், பாடசாலைக்கோ சங்கத்துக்கோ என்றால் அதன் கடிதத்தலைப்பில் ஒரு கோரிக்கைக் கடிதமும் கொண்டுபோங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் போகாதீர்கள். சில இடங்களில் பழைய நூல்களைப் போட்டோகொப்பி எடுக்க விடமாட்டார்கள், கைபேசியில் படமெடுக்கத் தனி அனுமதி வேண்டும். கட்டணங்கள் மாறிக்கொண்டிருப்பதால் புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுவது பஸ் காசை மிச்சம் பிடிக்கும்.

2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் பல வருடிய (ஸ்கான் செய்த) பக்கங்களாகக் கிடைக்கின்றன. பகுதியைத் தேர்வதற்கும் பக்க எண் பார்ப்பதற்கும் அது பெரிய உதவி. ஆனால் ஒரு நூல் அங்கே இருக்கிறது என்பதால் அதை நீங்கள் மறுபதிப்புச் செய்யலாம் என்றாகாது. ஆசிரியர் அவர்களுக்குக் கொடுத்த சம்மதம் அவர்களுடைய தளத்தில் வைப்பதற்கு.

நூல் கையில் கிடைத்ததும் ஐந்து பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: அட்டை, உட்தலைப்பு, நூல் விபரப் பக்கம், பகுதி தொடங்கும் பக்கம், முடியும் பக்கம். இவற்றுள் நூல் விபரப் பக்கம்தான் பொன். ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, அச்சகம், பதிப்புரிமை யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு நாவலின் முதற்பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் இடையில் ஆசிரியர் திருத்தியிருக்கலாம். அவர் உயிரோடிருந்து பார்த்த கடைசிப் பதிப்பையே எடுப்பது வழக்கம். வேறு பதிப்பை எடுத்தால் ஏன் என்று ஒரு வரி சொல்லுங்கள்.

3. உரிமை யாரிடம் இருக்கிறது?

இங்கே பொருந்துவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஆசிரியரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நிலைக்கும். ஆண்டு முடிவில்தான் காலம் முடியும். கணக்கு எளிது: இறந்த ஆண்டோடு 70ஐக் கூட்டுங்கள், அந்த ஆண்டு டிசெம்பர் 31 வரை காத்திருங்கள். இருவர் சேர்ந்து எழுதியதென்றால் கடைசியாக இறந்தவரின் ஆண்டு. பெயரில்லாமலோ, யாரென்று தெரியாத புனைபெயரிலோ வந்ததென்றால் முதல் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு.

ஆறுமுக நாவலர் 1879இல் காலமானார். சுவாமி விபுலானந்தர் 1947இல். இவர்களின் எழுத்துக்கு இன்று யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. க. கைலாசபதி 1982இல் காலமானார். அவருடைய எழுத்து 2052 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும். ‘பழைய ஆள்தானே’ என்ற உணர்வை நம்பாதீர்கள், ஆண்டைப் பாருங்கள்.

தமிழ்நாட்டு எழுத்தாளர் என்றால் இரண்டு சிக்கல்கள். இந்தியாவில் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுதான், ஆகவே அங்கே விடுபட்ட ஒரு நூல் இங்கே விடுபட்டதாகாது. கொழும்பில் அச்சிட்டால் இலங்கைக் கணக்கையே பாருங்கள். அடுத்தது நாட்டுடைமை. தமிழ்நாடு அரசு குடும்பத்தினருக்குத் தொகை கொடுத்துப் பலரின் எழுத்தைப் பொதுவாக்கியிருக்கிறது. பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் வேலை குறைவு. ஆனால் பொதுவானது ஆசிரியரின் எழுத்து மட்டும்தான். புதிய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டைப்படம், உள்ளே உள்ள ஓவியம் எல்லாம் வேறு ஆட்களுக்குச் சொந்தம்.

சங்கப் பாடலுக்கும் இதுவே விதி. பாடல் எல்லோருடையதும், அதற்குச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருவர் எழுதிய உரை அவருடையது. மலர்களில் பாடலையும் உரையையும் சேர்த்துப் படியெடுத்துவிட்டு ‘சங்க இலக்கியம்’ என்று மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. உரையாசிரியரின் பெயரே காணாமற் போகிறது.

மொழிபெயர்ப்பென்றால் இரண்டு வாசல் தட்டவேண்டும், மூலாசிரியர் ஒன்று, மொழிபெயர்ப்பாளர் ஒன்று. சிங்கள நாவலின் தமிழாக்கத்திலிருந்து எடுப்பவர்கள் மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். நீங்களே ஒரு பகுதியைப் புதிதாக மொழிபெயர்த்தாலும் மூலாசிரியரின் சம்மதம் வேண்டும்.

உயிரோடிருப்பவரென்றால் நூல் விபரப் பக்கத்தைப் பாருங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களிற் பல ஆசிரியர் தம் காசில் போட்டவை, ‘பதிப்புரிமை: ஆசிரியருக்கு’ என்றே இருக்கும். பதிப்பகத்தின் பெயரில் உரிமை இருந்தால் கடிதம் பதிப்பகத்துக்கு, பிரதி ஆசிரியருக்கு. இறந்தவரென்றால் வாரிசுகள். ஒரு மகன் கனடாவில், ஒரு மகள் யாழ்ப்பாணத்தில், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் நடக்கும். ஒருவர் ‘நான் சொல்லிவிட்டேன்தானே’ என்றால், மற்றவர்கள் சார்பில் சம்மதிக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்று அவர் கையொப்பமிட்டுத் தரும் வரியை வாங்குங்கள். முகவரி கிடைக்காவிட்டால் வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் உள்ள தமிழ்ப் புத்தகக் கடைகளில் விசாரியுங்கள். எந்த ஆசிரியரின் நூலை யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பது அங்கே தெரியும்.

டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போய் அனுமதி வாங்கலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். ஒருவருடைய நாவலுக்கு அந்த அலுவலகம் அனுமதி தருவதில்லை. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது என்பதால் அதற்கென ஒரு பதிவேடும் அங்கே கிடையாது. ‘பதிவு செய்யாத நூல், ஆகவே எடுக்கலாம்’ என்ற வாதமும் இதனால் விழுகிறது.

4. கேட்காமல் எடுக்கக்கூடியவை

சட்டத்தின் 11ஆம், 12ஆம் பிரிவுகள் நியாயமான பயன்பாட்டைப் பற்றியவை. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காக எடுப்பதற்கு இடம் உண்டு. எடுத்தது நியாயமா என்று பார்க்க நான்கு கேள்விகள்: என்ன நோக்கம், வியாபாரமா? மூலம் எப்படிப்பட்டது? எவ்வளவு எடுத்தீர்கள், அதன் உயிரான இடத்தையா? மூலநூலின் விற்பனையை இது கெடுக்குமா? வெளியான நூலிலிருந்து ஒரு சிறு பகுதியை மேற்கோளாக எடுக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்கவேண்டும், மூலமும் ஆசிரியர் பெயரும் குறிப்பிடவேண்டும்.

நடைமுறையில் இதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பகுதியைச் சுற்றி உங்கள் எழுத்து இருக்கிறதா, அந்தப் பகுதியைப் பற்றித்தான் பேசுகிறதா? அப்படியென்றால் மேற்கோள். உங்கள் எழுத்து எதுவுமில்லாமல் பகுதி மட்டும் தனியே ஒரு பக்கத்தில் நின்றால், வாசகர் அதைத்தான் வாசிக்க வருகிறார் என்றால், அனுமதி கேளுங்கள். நூல் மதிப்புரையில் இரண்டு பந்தி தாராளமாகப் போகலாம். தொகுப்பில் அதே இரண்டு பந்திக்குக் கேட்கத்தான் வேண்டும்.

டியூட்டரிக்காரருக்கு ஒரு சொல். வகுப்பறையில் நேரடியாகக் கற்பிக்கச் சிறு பகுதியைப் பிரதி எடுக்கலாம் என்ற சலுகை இலாப நோக்கமில்லாத கல்வி நிறுவனங்களுக்கு உரியது. மாணவரிடம் மாதாந்தம் காசு வாங்கி நடத்தும் வகுப்பு அதற்குள் அடங்காது. ஒரு நாவலின் மூன்று அத்தியாயத்தை அடித்து ‘டியூட்’ என்று விற்பது மறுபதிப்புத்தான். பாடத்திட்டத்தில் உள்ள நூல் என்றால் மாணவரை அதை வாங்கச் சொல்லுங்கள், உங்கள் டியூட்டில் மேற்கோளும் வினாவும் இருந்தால் போதும்.

சட்டங்கள், வர்த்தமானி அறிவித்தல்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் போன்ற உத்தியோகபூர்வ உரைகளுக்குப் பதிப்புரிமை இல்லை. திரைப்படப் பாடல் வரிகள் நேர்மாறு. உரிமை இசை நிறுவனம், கவிஞர், தயாரிப்பாளர் என்று சிதறிக் கிடக்கும். நான்கு வரிக்காக அதில் இறங்குவது பெரும்பாலும் பயனில்லாத வேலை, விட்டுவிடுங்கள்.

5. கடிதம்

தொலைபேசியில் பேசி நல்லபடியாக அறிமுகமாகிக்கொள்ளுங்கள், பிறகு கடிதத்தை அனுப்புங்கள். வாய்ச் சம்மதத்தை மட்டும் வைத்து அச்சுக்குப் போகாதீர்கள். மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் ‘எழுத்தில் தாருங்கள்’ என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குபவர்கள் உண்டு. கீழே அவர் கையொப்பமிட இடம் விட்டு, நீங்களே கடிதத்தைத் தயாரித்து, முகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறையையும் சேர்த்து அனுப்பினால் அதுவே மரியாதை.

மாதிரி இப்படி இருக்கலாம்:

‘அன்புடையீர், எமது சங்கம் வெளியிடவுள்ள … என்ற தொகுப்பில், தங்களது … நாவலின் இரண்டாம் பதிப்பில் (…, கொழும்பு, 1998) 43ஆம் பக்கம் 12ஆம் வரி முதல் 46ஆம் பக்கம் 5ஆம் வரி வரையுள்ள, “…” எனத் தொடங்கி “…” என முடியும் சுமார் 640 சொற்களைக் கொண்ட பகுதியைச் சேர்க்கத் தங்கள் அனுமதியை வேண்டுகிறோம். பகுதி எவ்வித மாற்றமுமின்றி வெளிவரும். தொகுப்பு 500 பிரதிகள் அச்சிடப்படும், விலை ரூபா … . இதன் மின்பிரதியையும் இணையத்தில் வெளியிட எண்ணியுள்ளோம்; அதற்குத் தாங்கள் சம்மதிக்காவிடின் கீழே குறிப்பிடவும். பகுதியின் கீழ் இடம்பெறும் குறிப்பு: … . தங்களுக்கு … பிரதிகள் அனுப்பிவைக்கப்படும். உரிமைத் தொகை ஏதும் எதிர்பார்ப்பின் அறியத்தரவும்.’

அதன் கீழே ‘மேற்படி பகுதியை வெளியிடச் சம்மதிக்கிறேன் / பின்வரும் நிபந்தனைகளுடன் சம்மதிக்கிறேன்’ என்று எழுதி, பெயர், கையொப்பம், திகதி ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். பகுதியின் போட்டோகொப்பியை எல்லை குறித்து இணையுங்கள். அவர் நூலைத் தேடி எடுக்கவேண்டிய வேலையை இது இல்லாமல் செய்கிறது, பதில் விரைவாக வரும்.

சொல் எண்ணிக்கையோடு பக்கத்தையும் வரியையும் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் ஒருவர் சேர்த்தெழுதுவதை இன்னொருவர் பிரித்தெழுதுவார், கணினி எண்ணும்போது ஒரே பந்திக்கு இரண்டு கணக்கு வரும். வெளிநாட்டு ஆங்கிலப் பதிப்பகங்கள் சொல்லெண்ணிக்கையை வைத்தே கட்டணம் போடுவதால், தமிழாக்கம் என்றால் மூலமொழியின் சொல்லெண்ணிக்கையைக் கொடுங்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் சிட்டையைக் கடிதப் பிரதியோடு பின் போட்டு வைக்கவும். கையொப்பமிட்டதை வருடி மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும். வட்ஸ்அப் குரல்செய்தியாகச் சம்மதம் வந்தால் நன்றி சொல்லிவிட்டு, கடிதத்தையும் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

6. பணமும் காலமும்

தமிழ் எழுத்தாளர் பெரும்பாலானோர் சிற்றளவு வெளியீட்டுக்குக் காசு கேட்பதில்லை, இரண்டு பிரதியும் முறையான குறிப்பும் கேட்பார்கள். அதற்காகக் கடிதத்தில் தொகை பற்றிப் பேசாமல் விடுவது அழகல்ல. விற்பனைக்குப் போகும் தொகுப்பென்றால் ஒரு சிறு தொகையை நீங்களே முன்வைக்கலாம். பெரிய பதிப்பகங்கள் கட்டணம் விதிக்கும், அவற்றுக்கெனத் தனிப் படிவமும் வைத்திருக்கும். இந்தியாவுக்கோ இங்கிலாந்துக்கோ பணம் அனுப்பவேண்டுமானால் முதலில் அவர்களிடம் விலைப்பட்டியல் வாங்குங்கள், எதற்காக அனுப்புகிறீர்கள் என்று வங்கி கேட்கும். வங்கித் தரகும் நாணயமாற்று வித்தியாசமும் சில வேளைகளில் உரிமைத் தொகையையே எட்டிவிடும்.

செலவுக் கணக்கில் மறந்துபோகும் வரிகள்: இலவசப் பிரதிகளும் அவற்றின் தபாற் செலவும், மறுதட்டச்சு, இன்னொருவர் மெய்ப்புப் பார்க்கும் கூலி. பத்து ஆசிரியருக்கு இரண்டு பிரதி என்றால் 20 பிரதி விற்பனையிலிருந்து கழிகிறது. 300 பிரதி அடிப்பவருக்கு அது சிறிய எண் அல்ல.

காலத்துக்கு வருவோம். அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று மாதத்துக்கு முன்பே கடிதங்கள் போயிருக்கவேண்டும், வெளிநாடென்றால் நான்கு மாதம். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், அடுத்த இரண்டு வாரத்தில் தொலைபேசி. ஒரு மாதம் மீதியிருக்கும்போதும் பதில் வராத பகுதிக்கு மாற்றுப் பகுதி தயாராக இருக்கட்டும். பதில் வராதது சம்மதம் ஆகாது. ‘தேடினோம், உரியவர் கிடைக்கவில்லை’ என்ற குறிப்பு நல்லெண்ணத்தைக் காட்டும். அனுமதிக்குப் பதிலாக நிற்க அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

வடிவமைப்பாளரிடம் சொல்லவேண்டிய ஒன்று. அனுமதி நிச்சயமில்லாத பகுதிகளைத் தொகுப்பின் கடைசியில் வையுங்கள். அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு பாரமாகக் கணக்கிடுவார்கள். நடுவில் உள்ள நான்கு பக்கத்தைக் கடைசி நேரத்தில் எடுத்தால் பின்னால் உள்ள எல்லாப் பக்க எண்ணும், பொருளடக்கமும் நகரும், அதற்கு மறுபடி கூலி. கடைசிப் பாரத்தில் என்றால் நட்டம் அங்கேயே நின்றுவிடும்.

7. படியெடுக்கும்போது கெடுவது

அனுமதி வாங்கியது மாற்றமின்றி வெளியிடுவதற்கு. பெரும்பாலான பகுதிகள் தட்டச்சில்தான் மாறிப்போகின்றன.

வருடிய பக்கத்திலிருந்து மென்பொருள் எழுத்தை உருவிக் கொடுத்தால், ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும், ‘ள’வும் ‘ன’வும் குழம்பியிருக்கும், புள்ளிகள் காணாமற் போயிருக்கும். பழைய கணினிக் கோப்பென்றால் பாமினி எழுத்துருவில் இருக்கும், ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றியே ஆகவேண்டும். மாற்றியபின் ‘ஔ’, மேற்கோள்குறி, இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் ஆகியவற்றைக் கட்டாயம் பாருங்கள். ஆங்கிலச் சொல் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக்களாக மாறி நிற்கும்.

எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூலில் ‘னை’, ‘லை’, ‘ணா’, ‘றா’ போன்றவை பழைய வடிவில் இருக்கும். அவற்றை இன்றைய வடிவில் தருவது வடிவ மாற்றம் மட்டுமே, தவறில்லை. சந்தி பிரிப்பது, ‘வந்தினம்’ என்று இருப்பதை ‘வந்தார்கள்’ ஆக்குவது, ‘பஸ்’ஸைப் ‘பேருந்து’ ஆக்குவது எல்லாம் ஆசிரியரின் எழுத்தில் கைவைப்பது. அதைச் செய்யாதீர்கள். யாழ்ப்பாணப் பேச்சோ மலையகப் பேச்சோ உள்ள பகுதியை மெய்ப்புப் பார்க்கக் கொடுக்கும்போது, ‘திருத்தவேண்டாம், ஒப்பிடுங்கள்’ என்று தாளின் தலையிலேயே எழுதிக் கொடுங்கள். நல்ல மெய்ப்பாளர்தான் இதில் அதிகம் கெடுப்பார்.

நடுவில் விட்ட இடத்துக்கு மூன்று புள்ளி. ஒரு பந்தியோ அதற்கு மேலோ விட்டால் புள்ளிகளைத் தனி வரியில் வையுங்கள். ஆசிரியரே மூன்று புள்ளி போட்டு எழுதுபவரென்றால் உங்களுடையதைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். நீங்கள் சேர்க்கும் விளக்கச் சொல்லும் சதுர அடைப்புக்குள்தான், வட்ட அடைப்பு ஆசிரியருடையதாகத் தோன்றும். மூலத்திலேயே எழுத்துப்பிழை இருந்தால் அப்படியே விட்டு, ஐயம் எழக்கூடிய இடத்தில் ‘மூலத்தில் உள்ளபடி’ என்று குறியுங்கள். கவிதையில் அடி உடையும் இடத்தை மாற்றாதீர்கள். பத்தி ஒடுங்கியது என்பதற்காக வடிவமைப்பாளர் மடித்துவிடுவார், அச்சுக்கு முந்திய கடைசிப் பிரதியில் அதைத் தனியாகப் பாருங்கள்.

பகுதிக்கு நீங்கள் வைத்த தலைப்பு ஆசிரியருடையதல்ல என்பதும் தெரியவேண்டும். ‘தலைப்பு தொகுப்பாளருடையது’ என்று சிறிய எழுத்தில் போட்டால் போதும்.

ஒப்பிடும் முறை: ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் தட்டச்சுப் பிரதியைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். நிறுத்தக் குறிகளையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். மூன்று பக்கத்துக்குக் கால் மணி நேரம் எடுக்கும். தனியே கண்ணால் பார்த்து முடித்த பிரதியில் ஒரு வரி முழுதாக விட்டுப்போயிருப்பது சாதாரணம்: ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளுக்கிடையே கண் தாவிவிடும்.

8. கீழே போடும் குறிப்பு

ஆசிரியர் பெயர், நூற்பெயர், எத்தனையாவது பதிப்பு, வெளியீட்டாளர், ஊர், ஆண்டு, பக்கங்கள், அனுமதி தந்தவர். இந்த எட்டும் இருக்கட்டும். மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆசிரியர் பெயருக்கு அடுத்து வரும், அதே அளவு எழுத்தில். ‘நன்றி: இணையம்’, ‘நன்றி: முகநூல்’ என்பவை குறிப்பே அல்ல. உரிமை முடிந்த நூலென்றாலும் பதிப்பைச் சொல்லுங்கள், அடுத்து வருபவர் சரிபார்க்க வேறு வழியில்லை.

எல்லாக் குறிப்புகளையும் கடைசிப் பக்கத்தில் மொத்தமாகப் போடலாம் என்று வடிவமைப்பாளர் சொல்வார். போடலாம்தான். ஆனால் மலரின் ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்துப் பகிரும் காலத்தில், பகுதியின் கீழேயே ஆசிரியர் பெயரும் நூற்பெயருமாவது நிற்கவேண்டும்.

9. அச்சான பிறகு

ஆசிரியர் பிரதிகளை வெளியீட்டு விழாவுக்கு முன்பே அனுப்புங்கள். விழாவில் கொடுக்கலாம் என்று வைத்தால், வராதவர்களின் பிரதிகள் ஆறு மாதம் அலுமாரியில் கிடக்கும். கடிதங்கள், பதிவுத் தபால் சிட்டைகள், நூல் விபரப் பக்கப் பிரதிகள், பணம் செலுத்திய ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் பகுதிவாரியாக அடுக்கி, சங்கத்தின் செயலாளர் மாறினாலும் கைமாறும்படி வையுங்கள். 500 பிரதிக்கு வாங்கிய அனுமதி 500 பிரதிக்குத்தான். இரண்டாம் பதிப்புக்கு மறுபடி எழுதவேண்டும், முந்திய கடிதத்தின் பிரதியை இணைத்தால் ஒரு வாரத்தில் முடியும் வேலை. தொகுப்பை மின்பிரதியாக ஏற்றுவதற்கு முன் கடிதங்களை மீண்டும் ஒருமுறை புரட்டுங்கள். அச்சுக்கு மட்டும் சம்மதித்தவர்களின் பக்கங்களை மின்பிரதியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நூற்பெயரையும் பக்க எண்ணையும் மட்டும் விடுங்கள்.